மீன் தொட்டி வைத்த வாரிங்டன்

நம்ம அறிவியல் அறையில் ஜன்னல் ஓரமாக ஒரு கண்ணாடித் தொட்டி இருக்கிறதே, அதில் ஏன் இன்னும் மீன் விடவில்லை என்று ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் தினமும் கேட்கிறார்கள். போன முறை வாங்கிய நாலு தங்க மீனும் அஞ்சாம் நாளே செத்து மிதந்தன. தொட்டியைப் பளபளன்னு கழுவி, குழாய்த் தண்ணியைப் பிடித்து, அன்றைக்கே மீனை விட்டது நான்தான். அதனால்தான் இவரைப் பற்றி எழுதுகிறேன்.

ராபர்ட் வாரிங்டன் 1807-ஆம் ஆண்டு செப்டம்பர் 7-ஆம் தேதி இங்கிலாந்தில் ஷீர்னஸ் என்னும் ஊரில் பிறந்தார். சிறு வயதிலேயே ஒரு வேதியியல் அறிஞரிடம் வேலை பழகினார். கொஞ்ச வருஷம் மது ஆலையில் வேதியியலாளர். 1841-ல் லண்டனில் வேதியியல் கழகம் தோன்ற இவர் முக்கியக் காரணம். 1842 முதல் மருந்து தயாரிப்போர் சங்கத்தில் பணி. கடையில் விற்ற பச்சைத் தேயிலையில் நீலச் சாயம் பூசியிருப்பதை ஆராய்ந்து காட்டியவரும் இவரே.

இனி மீனுக்கு வருவோம். அப்போதெல்லாம் கண்ணாடிப் பாத்திரத்தில் மீன் வளர்த்தால் அடிக்கடி தண்ணீர் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். மாற்றாமலே மீன் வாழுமா என்று 1849-ல் வாரிங்டன் சோதித்தார். 12 காலன் பாத்திரத்தில் பாதிக்கு ஊற்றுத் தண்ணீர். அடியில் மணலும் சேறும். மீன் ஒளிந்துகொள்ளக் கற்கள். சேற்றில் வாலிஸ்னேரியா செடி. இரண்டு சின்னத் தங்க மீன்கள். செடி ஆக்சிஜன் தரும், மீன் விடும் கார்பன் டை ஆக்சைடைச் செடி எடுத்துக்கொள்ளும். நம்ம பாடத்தில் உள்ளதுதான்.

ஆனால் கணக்கு தப்பியது! செடியின் பழைய இலைகள் அழுகின. கண்ணாடியில் பச்சைப் பாசி படிந்து தண்ணீர் கலங்கியது. நானாக இருந்தால் கொட்டிக் கழுவியிருப்பேன். அவர் குளத்து நத்தைகள் சிலவற்றை விட்டார். நத்தைகள் அழுகலையும் பாசியையும் தின்றன. அவை இட்ட முட்டைகள் மீனுக்குத் தீனியாயின. தண்ணீர் தெளிந்தது. 1850-ல் இதைக் கட்டுரையாக வெளியிட்டார். பிறகு கடல்நீரிலும் செய்து பார்த்தார். 1867-ல் காலமானார்.

எனக்கு ரொம்பப் பிடித்தது இதற்கு அப்புறம்தான். அவர் மகன் பெயரும் ராபர்ட் வாரிங்டன்தான். வயல் மண்ணை ஆராய்ந்தவர். மண்ணில் அம்மோனியாவை ஒரு வகை நுண்ணுயிர் நைட்ரைட்டாகவும், இன்னொரு வகை அதை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன என்று காட்டினார். தொட்டியிலும் அதேதான் நடக்கிறது. மீன் கழிவில் வரும் அம்மோனியாவும் நைட்ரைட்டும் மீனுக்கு விஷம். நைட்ரேட் அவ்வளவு கெடுதல் இல்லை, செடிக்கு உரம். புதுத் தொட்டியில் இந்த நுண்ணுயிர்கள் போதுமான அளவு பெருக நாலு முதல் ஆறு வாரம் ஆகும். நான் ஒரு நாள்கூடக் காத்திருக்கவில்லை. போதாததுக்குத் தண்ணியில் பிளீச்சிங் பவுடர் வேறு.

இப்போது குளோரின் போகத் தண்ணியை இரண்டு நாள் வாளியில் வைத்துவிட்டு ஊற்றினோம். செடி நட்டு மூன்று வாரம் ஆகிறது. மீனே இல்லாத தொட்டியில் தினமும் ஒரு சிட்டிகை தீனி போடுகிறேன் என்று சிரிக்கிறீர்கள். அது அழுகி அம்மோனியா வந்தால்தான் நுண்ணுயிருக்குச் சாப்பாடு. இன்னும் மூன்று வாரம் போனபின் முதலில் இரண்டே மீன். அதுவரை யாரும் வாய்க்கால் கெண்டையைப் பிடித்து வந்து போடாதீர்கள். போன செவ்வாய்க்கிழமை தலைப்பிரட்டை போட்டது யார்?

– 9-ஆம் வகுப்பு மாணவி