இரு நிலத்து மகள்: ஓவியர் அம்ரிதா ஷேர்கில்

இந்திய ஓவியக்கலையின் வரலாற்றை எழுதப் புகுவோர் எவரும் அம்ரிதா ஷேர்கில் என்னும் பெயரைக் கடந்து செல்லல் இயலாது. இருபத்தெட்டு ஆண்டுகளே வாழ்ந்த இவ்வம்மையார், தாய் நிலம், தந்தை நிலம் என்னும் இரண்டிற்கும் இடையே தமக்குரிய இடம் யாது என்று தேடியவர். அத்தேடலின் சுவடுகளே அவர்தம் ஓவியங்கள் எனலாம்.

அம்ரிதா 1913ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 30ஆம் நாள் ஹங்கேரியின் தலைநகராகிய புதாபெஸ்டில் பிறந்தார். தந்தையார் உம்ராவ் சிங் ஷேர்கில் பஞ்சாபின் மஜீதியா என்னும் சீக்கியப் பெருங்குடியினர். வடமொழியும் பாரசீகமும் கற்ற அறிஞர். அல்லாமா இக்பாலின் நண்பர். ஒளிப்படக் கலையில் தோய்ந்தவர். தாயார் மரீ ஆந்துவானெத் ஹங்கேரிய நாட்டு இசைப்பாடகி. முதல் உலகப்போர் மூண்டமையால் குடும்பம் இந்தியா திரும்ப வழியின்றிப் போயிற்று. 1921இல்தான் சிம்லாவின் சம்மர் ஹில் பகுதிக்கு அவர்கள் வந்து சேர்ந்தனர். எட்டு வயதுச் சிறுமிக்குத் தந்தை நாடு அப்போது முற்றிலும் புதிய நாடு. பிற்காலத்திலும் அவர் தம் மடல்களைப் பெரும்பாலும் ஹங்கேரிய மொழியிலும் ஆங்கிலத்திலும் எழுதினார் என்பது ஈண்டு கருதத்தக்கது.

மகளின் கைவண்ணத்தை உணர்ந்த பெற்றோர் 1929இல் குடும்பத்தோடு பாரீசுக்குப் பெயர்ந்தனர். பதினாறு வயதில் அம்ரிதா அந்நகரக் கலைக்கூடங்களில் பயிலத் தொடங்கினார். லூசியன் சீமோன் என்னும் ஆசிரியரிடம் எண்ணெய் வண்ண ஓவியத்தில் தேர்ச்சி பெற்றார். 1932இல் வரைந்த இளம்பெண்கள் என்னும் ஓவியம் பாரீசின் பெருங்காட்சியில் 1933இல் பொற்பதக்கம் பெற்றது. அவ்வமைப்பின் இணை உறுப்பினர் தகுதியும் அவருக்குக் கிட்டிற்று. இருபது வயதில் இத்தகைய ஏற்பைப் பெற்ற ஒருவர் அந்நகரிலேயே தங்கிப் பேரும் பொருளும் ஈட்டியிருக்கலாம். அவரோ இந்தியாவிற்குத் திரும்ப வேண்டும் என்று பெற்றோரிடம் மன்றாடினார். அவருடைய வண்ணங்கள் கீழைநாட்டு ஒளியில்தான் முழுமையாக மலரும் என்று ஆசிரியர் ஒருவர் கூறியதும் அவ்வேட்கையைத் தூண்டிற்று. விந்தை யாதெனில், இந்தியக் கலையின் அருமையை அவர் உணர்ந்ததே ஐரோப்பாவில்தான். பாரீசில் உள்ள கீமே அருங்காட்சியகத்தின் சிறு இந்தியச் சிற்பம் ஒன்று, ஐரோப்பிய மறுமலர்ச்சிக் காலக் கலை முழுவதினும் மேலானது என்று எழுதும் அளவிற்கு அவர் மனம் மாறியிருந்தது.

1934இன் இறுதியில் அவர் மீண்டார். மண் உடனே அவரைத் தழுவிக்கொண்டதா? இல்லை. 1935இல் சிம்லா நுண்கலைக் கழகம் அவர் அனுப்பிய ஓவியங்களுள் சிலவற்றை ஏற்க மறுத்து, வேறொன்றிற்குப் பரிசளித்தது. அவர் பரிசைத் திருப்பி அனுப்பிவிட்டார். ஐதராபாத்தில் சாலார் ஜங் நவாப் அவர்தம் ஓவியங்களைப் பார்வையிட்டும் வாங்காது விடுத்தார். ஐரோப்பியப் பளிங்குச் சிலைகளையும் கடிகாரங்களையும் அள்ளிச் சேர்த்த அப்பெருமகனாருக்கு, ஐரோப்பாவில் கற்று இந்திய ஏழையரை வரைந்த பெண்ணின் கலை சுவைக்கவில்லை போலும்! வங்க ஓவியர்களின் பழைமை நாட்டம் அம்ரிதாவிற்கு உடன்பாடன்று; ஆதலின் அவர்களும் அவரை முழுமையாக ஏற்றிலர்.

இக்காலத்து ஓவியங்களைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். மூன்று பெண்கள், மலைநாட்டு ஆடவர், மலைநாட்டு மகளிர் ஆகிய 1935ஆம் ஆண்டு ஓவியங்கள் பெரும்புகழ் பெற்றவை. முதலாவது, 1937இல் பம்பாய்க் கலைக் கழகத்தின் பொற்பதக்கம் பெற்றது. எனினும் அவற்றில் உள்ளோர் அனைவரும் ஒரே வகையாகத் தாழ்ந்த விழியினர், சோர்ந்த முகத்தினர். மலையில் வாழ்வோர் சிரிப்பதில்லையா, சண்டையிடுவதில்லையா? தொல்காப்பியம் பயின்றோர்க்கு இச்சிக்கல் எளிதில் விளங்கும். முதற்பொருளும் கருப்பொருளும் இந்திய நிலத்தவை. உரிப்பொருளோ, எங்கும் ஒட்டாத ஓவியரின் தனிமை. ஏழையரின் துயரை அவர் கண்டார் என்பது உண்மை. தம் துயரையும் அவர்கள் முகத்தில் ஏற்றிவிட்டார் என்பதும் உண்மையே என்பது இக்கட்டுரையாசிரியரின் துணிபு.

இந்நிலையை மாற்றியது தென்னாட்டுப் பயணம். 1936இன் இறுதியில் புறப்பட்ட அவர் அஜந்தா, எல்லோராவைக் கண்டார். கொச்சியின் மட்டாஞ்சேரி அரண்மனைச் சுவரோவியங்களின் முன் அமர்ந்து படியெடுத்தார். கன்னியாகுமரி வரை வந்தார். பழ விற்பனையாளரை அவர் வரைந்தது குமரிமுனையில்தான். அப்பயணத்தின் பயனாக 1937இல் மணமகள் ஒப்பனை, பிரமசாரிகள், சந்தைக்குச் செல்லும் தென்னிந்தியச் சிற்றூரார் என்னும் மூன்று பேரோவியங்கள் பிறந்தன. இவற்றில் மாந்தர் வாளா நிற்பதில்லை; ஒரு செயலில் ஈடுபட்டுள்ளனர். கருமேனியும் வெள்ளாடையும் செம்மண் வண்ணமும் தம்முள் இயைந்து நிற்கின்றன. பார்வையாளரின் இரக்கத்தை அவை வேண்டுவதில்லை. பாரீசில் கற்ற வடிவ ஒழுங்கும் அஜந்தாவில் கற்ற கோட்டின் வளமும் அங்கே ஒன்றாயின.

1938இல் ஹங்கேரி சென்று, தாய்வழி உறவினரான மருத்துவர் விக்டர் ஈகனை மணந்தார். ஓராண்டு அங்கே தங்கி ஹங்கேரியச் சந்தைக் காட்சியைத் தீட்டினார். 1939இல் வரைந்த இரு பெண்கள் என்னும் ஓவியத்தில் வெண்ணிறப் பெண் ஒருத்தி நிற்கிறாள். கருநிறப் பெண் ஒருத்தி அருகே அமர்ந்திருக்கிறாள். இருவரும் யாவர் என்று அவர் விளக்கவில்லை. விளக்க வேண்டிய தேவையும் இல்லை.

அவ்வாண்டே போர் நெருங்கக் கணவருடன் இந்தியா மீண்டு, கோரக்பூரை அடுத்த சராயாவில் உறவினரின் பண்ணையில் வாழ்ந்தார். முகலாயச் சிற்றோவியங்களும் பசோலிச் சிற்றோவியங்களும் அவர் கையைப் பின்னும் மாற்றின. மஞ்சள் அரைக்கும் மகளிர், முதிய கதைசொல்லி, யானைகள் என ஓவியங்கள் சிறுத்தன, வண்ணங்கள் ஒளிர்ந்தன. ஆனால் கலை பற்றிப் பேசுவாரற்ற சிற்றூர் அவரை வாட்டிற்று.

1941 செப்டம்பரில் இருவரும் லாகூரில் குடியேறினர். 1937இல் அவர்தம் கண்காட்சியை வரவேற்ற நகர் அது. புதிய கண்காட்சிக்கு ஆயத்தம் நடந்துகொண்டிருந்தபோதே நோயுற்று, 1941 டிசம்பர் 5ஆம் நாள் காலமானார். அவ்வாரத்திலேயே பிரிட்டன் ஹங்கேரியின்மீது போர் அறிவிக்க, கணவர் பகைநாட்டவர் என்று சிறைப்பிடிக்கப்பட்டார். ஆறாண்டுகளில் லாகூரும் எல்லைக்கு அப்பால் சென்றது. அம்ரிதாவின் தங்கை இந்திரா, பின்னாளில் இந்தியாவின் தலைமைத் தேர்தல் ஆணையராக விளங்கிய தமிழர் கே.வி.கே. சுந்தரத்தின் துணைவியார், 2023இல் மறைந்த ஓவியர் விவான் சுந்தரம் அவர்களின் மைந்தர். வாழ்நாளில் மிகுதியாக விலைபோகாதிருந்த அம்ரிதாவின் படைப்புகள் 1970களில் நாட்டின் கலைச்செல்வமாக அறிவிக்கப்பட்டன. 2023இல் கதைசொல்லி என்னும் ஓவியம் 61.8 கோடி ரூபாய்க்கு ஏலம் போயிற்று.

லாகூர் வீட்டின் மாடியிலிருந்து கண்ட காட்சியையே அவர் இறுதியாக வரையத் தொடங்கியிருந்தார். பால்காரர் குடியிருப்பின் மண் சுவர்கள், கரிய எருமைகள். ஓவியம் முற்றுப்பெறவில்லை.