அநாதை ரயில்கள்: எத்தனை குழந்தைகள் போனார்கள்? எத்தனை பேர் என்ன ஆனார்கள்? - சார்லஸ் லோரிங் பிரேஸின் கதை

அமெரிக்காவில் சொந்தப் பெற்றோரிடம் வளர முடியாத குழந்தைகளை வேறொரு குடும்பம் தற்காலிகமாக வளர்க்கும் முறைக்கு ஃபாஸ்டர் கேர் என்று பெயர். அந்தக் குழந்தைகள் எத்தனை பேர் என்று அந்நாட்டு அரசு ஆண்டுதோறும் கணக்கு வெளியிடுகிறது. 1999-ல் சுமார் 5.67 லட்சம். 2023-ல் சுமார் 3.43 லட்சம். சரி, குறைஞ்சிருக்கே, நல்ல விஷயம்தானே என்று தோன்றும். ஆனால் இந்த எண் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்பது தெரிய வேண்டுமானால், இந்த முறைக்கு அடித்தளம் போட்டவராகக் கருதப்படும் சார்லஸ் லோரிங் பிரேஸின் வாழ்க்கையைப் பார்க்க வேண்டும்.

யார் இந்த பிரேஸ்?

1826 ஜூன் 19-ல் கனெக்டிகட் மாகாணத்தின் லிட்ச்ஃபீல்டில் பிறந்தவர். 1846-ல் யேல் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார். பிறகு இறையியல் படித்தார். பாதிரியாராகி ஒரு தேவாலயத்தில் செட்டில் ஆகியிருக்க வேண்டியவர்தான். ஆனால் 1850-ல் ஐரோப்பாவுக்குக் கிளம்பினார். அங்கே ஹங்கேரியில், புரட்சியாளர்களோடு தொடர்பு இருக்கும் என்ற சந்தேகத்தில் 1851-ல் கைதாகி, சுமார் ஒரு மாதம் சிறையில் இருந்தார். வெளியே வந்து அந்த நாட்டைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார்.

நியூயார்க் திரும்பியவர் நேராகப் போனது ஃபைவ் பாயின்ட்ஸ் என்ற சேரிப் பகுதிக்கு. அயர்லாந்து, ஜெர்மனி நாடுகளில் இருந்து பிழைப்புத் தேடி வந்த குடும்பங்கள் அங்கே நெருக்கியடித்து வாழ்ந்தன. வறுமையும் காலராவும் குடும்பங்களைச் சிதைத்தன. பிள்ளைகள் தெருவில் செய்தித்தாள் விற்றார்கள், குப்பை பொறுக்கினார்கள், திருடவும் செய்தார்கள். 1849-லேயே நகரின் காவல் துறைத் தலைவர், தெருவில் திரியும் குழந்தைகள் சுமார் 3,000 பேர் என்று கணக்குக் கொடுத்திருந்தார். அது நகரின் ஒரு பகுதிக்கான கணக்கு மட்டுமே.

அப்போதைய வழி என்ன? ஒன்று, சிறுவர் சீர்திருத்த இல்லம். இல்லையென்றால் அநாதை இல்லம். நூற்றுக்கணக்கான பிள்ளைகளை ஒரே கூரையின் கீழ் அடைத்து, மணி அடித்தால் சாப்பாடு, மணி அடித்தால் தூக்கம் என்று வளர்ப்பது பிரேஸுக்குப் பிடிக்கவில்லை. குழந்தைக்குத் தேவை குடும்பம் என்றார். 1853-ல் சில்ட்ரன்ஸ் எய்ட் சொசைட்டியைத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது 26. மறு ஆண்டே பேப்பர் போடும் பையன்களுக்காக ஒரு தங்கும் விடுதி திறக்கப்பட்டது. சில காசுகள் கொடுத்தால் படுக்கை கிடைக்கும். இலவசமாகக் கொடுத்தால் பிள்ளைகளின் சுயமரியாதை போய்விடும் என்பது அவர் எண்ணம்.

ரயில் எப்படி வந்தது?

1854 செப்டம்பரில் சுமார் 45 குழந்தைகள் கொண்ட முதல் குழு நியூயார்க்கில் இருந்து புறப்பட்டது. படகிலும் ரயிலிலுமாகப் பயணம் செய்து மிச்சிகன் மாகாணத்தின் டோவாஜியாக் என்ற சிறு ஊரைச் சேர்ந்தது. ஊர்க்காரர்கள் கூடினார்கள், பார்த்தார்கள், ஆளுக்கொரு பிள்ளையை அழைத்துப் போனார்கள். சில நாட்களில் அநேகமாக எல்லோருக்கும் இடம் கிடைத்துவிட்டது.

அதன்பின் இதுவே வழக்கமானது. குழந்தைகள் வருகிறார்கள் என்று ஊரில் முன்கூட்டியே அறிவிப்பார்கள். மருத்துவர், வணிகர், பாதிரியார் போன்ற உள்ளூர்ப் பிரமுகர்கள் கொண்ட குழு, யாருக்குப் பிள்ளை கொடுக்கலாம் என்று முடிவு செய்யும். தேவாலயத்திலோ நாடக அரங்கிலோ குழந்தைகளை வரிசையாக நிறுத்துவார்கள். சிலருக்கு அன்பான வீடு கிடைத்தது. சிலர் வயலில் சம்பளமில்லாத வேலையாள் ஆனார்கள். அண்ணன் ஒரு ஊரிலும் தங்கை வேறொரு ஊரிலுமாகப் பிரிந்ததும் நடந்தது. அநாதை ரயில் என்ற பெயர் நிலைத்துவிட்டாலும், போன பிள்ளைகளில் பலருக்கு அம்மாவோ அப்பாவோ உயிரோடு இருந்தார்கள். வளர்க்க வழியில்லை, அவ்வளவுதான்.

கணக்கில் எங்கே சிக்கல்?

அந்தக் காலத்தில் பிள்ளைகளை ஒப்பந்தம் போட்டு ஒரு முதலாளியிடம் கட்டிவைக்கும் வழக்கம் இருந்தது. பிரேஸ் அதை ஏற்கவில்லை. தங்கள் முறையில் பிள்ளைக்குப் பிடிக்காவிட்டால் போகலாம், குடும்பத்துக்கு ஒத்துவராவிட்டால் திருப்பி அனுப்பலாம் என்று வைத்தார். கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் ஒப்பந்தமே இல்லாததால், வீட்டைவிட்டுப் போன பிள்ளை எங்கே போனான் என்று பின்தொடர்வதும் கஷ்டமானது. சங்கத்தின் முகவர்கள் சென்று பார்த்தார்கள், கடிதங்கள் வந்தன. ஆனாலும் மாகாணம் மாகாணமாகச் சிதறிய ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்கு அது போதவில்லை. ஆண்டறிக்கையில் அனுப்பியவர்கள் எண்ணிக்கை தெளிவாக இருக்கும். அவர்கள் என்ன ஆனார்கள் என்பது அவ்வளவு தெளிவாக இருக்காது.

இதை வைத்தே விமர்சனம் கிளம்பியது. நகரத்தின் குற்றவாளிகளை எங்கள் தலையில் கட்டுகிறீர்கள் என்று மேற்கு மாகாணங்கள் புகார் சொன்னன. கத்தோலிக்கக் குழந்தைகளைப் புராட்டஸ்டன்ட் வீடுகளுக்கு அனுப்புகிறார்கள் என்ற குற்றச்சாட்டும் வந்தது. 1884-ல் மினசோட்டா மாகாண அதிகாரி ஹேஸ்டிங்ஸ் ஹார்ட், அங்கு வந்த முன்னூறுக்கும் மேற்பட்ட பிள்ளைகளைப் பற்றி விசாரித்தார். பெரும்பாலானோர் குற்றவாளி ஆகிவிடவில்லை என்று தெரிந்தது. ஆனால் வீடுகளைச் சரியாக விசாரிக்காமல் அவசரமாக ஒப்படைத்திருக்கிறார்கள் என்றும் தெரிந்தது.

வெற்றிக் கதைகளும் உண்டு. 1859-ல் ஒரே ரயிலில் இண்டியானா போன இரண்டு பையன்களில் ஆண்ட்ரூ பர்க் வடக்கு டகோட்டாவின் ஆளுநரானார். ஜான் பிரேடி அலாஸ்காவின் ஆளுநரானார். பெயர் வாங்கியவர்களைத்தான் வரலாறு நினைவில் வைத்திருக்கிறது.

பிரேஸுக்குப் பிறகு

1890 ஆகஸ்ட் 11-ல் சுவிட்சர்லாந்தில் பிரேஸ் காலமானார். ரயில்கள் 1929 வரை ஓடின. எல்லா அமைப்புகளும் சேர்ந்து அனுப்பிய குழந்தைகள் சுமார் 2 லட்சம் இருக்கலாம் என்பது மதிப்பீடு. இதற்கிடையே 1909-ல் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் கூட்டிய வெள்ளை மாளிகை மாநாடு, வறுமை என்ற ஒரே காரணத்துக்காகக் குழந்தையைப் பெற்றோரிடம் இருந்து பிரிக்கக் கூடாது என்றது. பிரேஸின் முறையில் விடுபட்டிருந்த கேள்வி அதுதான்.

நாடு முழுவதற்குமான முறையான கணக்கு வர இன்னும் பல காலம் ஆனது. 1977-ல் எடுத்த ஆய்வில் சுமார் 5 லட்சம். சொந்தக் குடும்பத்தைக் காப்பாற்ற முன்னுரிமை தந்த 1980-ம் ஆண்டுச் சட்டத்தை ஒட்டி, 1980-களின் தொடக்கத்தில் சுமார் 2.6 லட்சம். போதைப்பொருள் பரவிய பிறகு மீண்டும் ஏறி, 1999-ல் 5.67 லட்சம். 2012-ல் சுமார் 4 லட்சத்துக்கு இறங்கி, 2017-ல் 4.3 லட்சத்தைத் தாண்டி, மறுபடியும் குறைந்தது. 1990-களில் இருந்துதான் மாகாணங்கள் ஒரே முறையில் விவரம் தருகின்றன.

இப்போதைய எண், செப்டம்பர் 30 என்ற ஒரு நாளில் எத்தனை பேர் பராமரிப்பில் இருந்தார்கள் என்பதைச் சொல்கிறது. அது குறைய மூன்று காரணங்கள் இருக்கலாம்: புதிதாக வருபவர்கள் குறைந்திருக்கலாம், பலர் பெற்றோரிடமே திரும்பியிருக்கலாம் அல்லது தத்துப் போயிருக்கலாம், இல்லையென்றால் எந்தக் குடும்பமும் அமையாமலே வயது முடிந்து வெளியேறியிருக்கலாம். மூன்றாவது வகையில் ஒவ்வொரு ஆண்டும் ஆயிரக்கணக்கானோர் இருக்கிறார்கள். அவர்கள் வெளியேறினாலும் எண் குறையத்தான் செய்யும். அதனால் அடுத்த முறை இந்த எண் இறங்கியதாகச் செய்தி வந்தால், வெளியேறியவர்கள் எங்கே போனார்கள் என்ற பட்டியலையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பிரேஸ் காலத்து ஆண்டறிக்கையில் இல்லாத அந்தப் பட்டியலை இப்போது அரசே வெளியிடுகிறது.