நாலு மொழி பேசுற ஊர்ல பிறந்தவர்... உலகத்தையே ஒரே ஹால்ல உட்காரவெச்ச கண் டாக்டர்!

வெளிநாட்டுக்காரர் ஒருத்தரைச் சந்திச்சா எந்த மொழியில பேசுவீங்க? பெரும்பாலும் ஆங்கிலம்தான், இல்லையா? அது உங்களுக்குச் சரளமா வராதுன்னா, வாயைத் திறக்கும்போதே ஒரு படி கீழே நிற்கிற மாதிரி தோணும். இந்த ஏற்றத்தாழ்வு இல்லாம மக்கள் சந்திச்சுப் பேசணும்னு வாழ்நாள் முழுக்க உழைச்சவர், லுட்விக் ஸாமென்ஹோஃப்.

1859-ல் பியாலிஸ்டோக் நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். இப்போது போலந்தில் இருக்கும் அந்த ஊர், அன்று ரஷ்யப் பேரரசின் கீழ் இருந்தது. ரஷ்யர், போலந்துக்காரர், ஜெர்மானியர், யூதர் என நாலு சமூகங்கள், நாலு மொழிகள். ஒருத்தரை ஒருத்தர் சந்தேகத்தோடதான் பார்ப்பாங்க. பேசுறது புரிஞ்சா பாதிப் பகை குறையும்னு சின்ன வயசிலேயே அவருக்குத் தோணிடுச்சு.

பள்ளியில் படிக்கும்போதே ஒரு பொதுமொழியை உருவாக்க ஆரம்பித்தார். பிறகு கண் மருத்துவரானார். 1887-ல், மாமனார் கொடுத்த பணத்தில் வார்சாவில் ஒரு சின்னப் புத்தகம் வெளியிட்டார். அதில் இருந்தது வெறும் 16 இலக்கண விதிகள்தான். போட்டுக்கொண்ட புனைபெயர் டாக்டர் எஸ்பெராண்டோ. 'நம்பிக்கையோடு இருப்பவர்' என்று அர்த்தம். அதுவே மொழியின் பெயராகவும் நிலைத்துவிட்டது.

ஆனா, கடிதத்திலும் புத்தகத்திலும் கத்துக்கிட்ட மொழி, நேர்ல பேசினா எடுபடுமா? 1905 ஆகஸ்ட்டில் பிரான்ஸின் பூலோன் நகரில் முதல் உலக மாநாடு நடந்தது. சுமார் 20 நாடுகளிலிருந்து 700 பேர் வரை வந்தார்கள். மொழிபெயர்ப்பாளர் இல்லாமலே பேசினார்கள், புரிந்துகொண்டார்கள். வேறு வேறு நாட்டுக்காரங்க சேர்ந்து மோலியரின் நாடகம் ஒண்ணுல நடிக்கவும் செஞ்சாங்க.

அந்தச் சந்தோஷம் ஒரு வருஷம்கூட நீடிக்கலை. 1906 ஜூனில் அவர் பிறந்த ஊரிலேயே யூதர்கள் கொத்துக்கொத்தாகக் கொல்லப்பட்டார்கள். மொழியை வெறும் வசதியான கருவியாக மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தவர்கள் அவர் இயக்கத்திலேயே இருந்தார்கள். ஆனாலும் அதே ஆண்டு ஜெனிவா மாநாட்டு மேடையில் அந்தப் படுகொலையைப் பற்றி வெளிப்படையாகவே பேசினார். சமூகங்களுக்கு நடுவே இருக்கும் சுவரை உடைக்கத்தான் இந்த மொழி என்பதில் அவர் உறுதியாக இருந்தார். இன்னொரு விஷயம் தெரியுமா? மொழிக்குச் சொந்தம் கொண்டாடவே இல்லை. 1912-ல் தலைமைப் பொறுப்பிலிருந்தும் தானாகவே விலகிக்கொண்டார்.

1914 ஆகஸ்ட்டில் பாரிஸ் மாநாட்டுக்குப் பதிவு செய்திருந்தவர்கள் 3,700-க்கும் மேல். முதல் உலகப் போர் வெடித்ததால் அது நடக்கவே இல்லை. போர் முடிவதைப் பார்க்காமலேயே 1917 ஏப்ரலில் வார்சாவில் காலமானார். அவருடைய மூணு பிள்ளைகளையும் இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் நாஜிக்கள் கொன்றார்கள்.

ஒரு மொழி வந்ததால் போர் நின்றுவிடவில்லை, உண்மைதான். ஆனா, அவர் தொடங்கிவெச்ச சந்திப்பும் நின்னுபோகலை. போர்க்காலங்களில் தடைபட்டாலும் திரும்பத் திரும்பக் கூடினாங்க; 2015-ல் பிரான்ஸின் லீல் நகரில் நடந்தது 100-வது மாநாடு. அவருடைய 150-வது பிறந்த ஆண்டான 2009-ல் எந்த ஊர்ல கூடினாங்க தெரியுமா? நாலு மொழிக்காரங்க முறைச்சுக்கிட்டு வாழ்ந்த அதே பியாலிஸ்டோக்லதான்!