நடிகவேளும் நாடகச் சட்டமும்

தமிழும் தெலுங்கும் ஒரே தெருவில் கலந்து வழங்கும் பள்ளிப்பட்டு போன்ற எல்லைப்புற ஊரார்க்கு, தெலுங்குக் குடும்பத்தில் பிறந்த ஒருவர் தமிழ் நாடக மேடையைத் தம் வசமாக்கிக் கொண்டது வியப்பாகத் தோன்றாது. 1907-ம் வருஷம் சென்னையில் பிறந்த நடிகவேள் ஸ்ரீ எம். ஆர். ராதா அத்தகையவர். பாலப் பருவத்திலேயே வீட்டைத் துறந்து நாடகக் கம்பெனியில் சேர்ந்த அவருக்கு மேடையே பள்ளிக்கூடமாயிற்று.

திருவாரூர் தங்கராசு எழுதிய இரத்தக் கண்ணீர் நாடகத்தில், அன்றன்று பத்திரிகையில் வந்த செய்திகளையும் இழுத்து வைத்துப் பரிகசிப்பது அவர் வழக்கம். ஆகையால் நேற்றுக் கண்ட நாடகம் இன்று வேறொன்றாயிருக்கும். தனவானும் பதவியிலிருப்போரும் அவர் நாவுக்குத் தப்பவில்லை. பெரியார் ஈ. வெ. ரா.வின் வழி நின்ற அவர், ராமாயணத்தையும் பரிகாசமாக மேடையேற்றினார். மனம் புண்படுவோர் வரவேண்டாமென்று முன்னறிவிப்பும் செய்தார். அந்நாடகம் பக்தர் பலரது உள்ளத்தை வருத்தியதென்பதை நாம் மறைக்கவில்லை. நமக்கும் அது உவப்பானதன்று.

ஆயினும் அதற்கு ராஜாங்கம் தேடிய பரிகாரம் யாது? நாடகங்களை அடக்க 1876-ல் அந்நிய சர்க்கார் ஒரு சட்டம் செய்தது. தேசபக்திப் பாடல்களைப் பாடியதற்காகப் பன்முறை சிறைப்பட்ட ஸ்ரீ விசுவநாத தாஸ் 1940-ல் மேடையிலேயே உயிர் நீத்தார். அத்தகைய அடக்குமுறையை எதிர்த்து வளர்ந்ததே நமது தேசிய இயக்கம். சுதந்திரம் பெற்று ஏழாண்டுகள் கழிந்த பின், 1954-ல், சென்னைச் சட்டசபையில் நம்மவரே அதே போன்ற சட்டமொன்றை நிறைவேற்றினர். ராதாவை மனதிற் கொண்டே அது வந்ததென்று பலரும் கருதினர். அவரோ தடைக்கும் கைதுக்கும் அஞ்சவில்லை. அவ்வாண்டே திரைப்படமாக வெளிவந்த இரத்தக் கண்ணீர் அவர் குரலைப் பட்டிதொட்டிகளுக்கும் கொண்டு சென்றது.

1967-ல் ஸ்ரீ எம். ஜி. ராமச்சந்திரனைச் சுட்ட வழக்கில் சிறை சென்றது அவர் வாழ்வின் தீராக் களங்கம். துப்பாக்கியை எடுத்ததற்காகச் சட்டம் அவரைத் தண்டித்தது நியாயம். நாவை அசைத்ததற்காக அடக்க முயன்றது அநியாயம். இவ்விரண்டையும் பிரித்தறிவதே ஜனநாயகத்தின் இலட்சணம்.

ராதா 1979-ல் காலமானார். எழுத்தாளர் ஞாநி தொடுத்த வழக்கில், 1954-ம் வருஷத்துச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகள் செல்லாவென்று சென்னை உயர்நீதிமன்றம் 2013-ல் தீர்ப்பளித்தது. இன்றும் இளைஞர் பலர் அவரது கரகரத்த குரலைப் போலச் செய்து கைதட்டல் பெறுகின்றனர். குரலைப் பின்பற்றுதல் எளிது. நமக்குப் பிடிக்காத சிரிப்பையும் பொறுத்துக் கொள்ளும் திடசித்தமே, அவர் வாழ்க்கையிலிருந்து நாம் கற்க வேண்டிய அரிய பாடம்.