முன்ஷி அப்துல்லாஹ் விட்டதும் விடாததும்

சூலியா வீதியிலும் பினாங்கு வீதியிலும் கடை வைத்திருக்கும் நம்மவர்களுக்கு முன்ஷி அப்துல்லாஹ் என்ற பெயர் புதிதன்று. மலாய் படிக்கும் நம் பிள்ளைகள் அவருடைய பெயரைப் பாடப் புத்தகத்திலிருந்து வீட்டுக்குக் கொண்டு வந்திருப்பார்கள். மலாய் உரைநடைக்குப் புது வழி வகுத்தவர் என்று அவரைச் சொல்லுகிறார்கள். ஆனால் அவர் நாகூர் வழி வந்தவர் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

அவருடைய பாட்டனாரின் தந்தை ஷெய்கு அப்துல் காதிர் யமன் தேசத்து அரபி. நாகூருக்கு வந்து அங்கேயே பெண் கொண்டார். அவருடைய மக்களில் முகம்மது இப்ராஹீம் என்பவர் மலாக்காவில் கரையேறி, ஷெய்கு மீரா லெப்பை என்பவரின் மகளை மணந்தார். அவர்களுடைய மகன் அப்துல் காதிர், சரக்கு ஏற்றிக்கொண்டு உள்நாட்டுக்குப் போய் வியாபாரமும் செய்வார், போன இடத்தில் ஓதியும் கொடுப்பார். அவருக்கு வாய்த்த மனைவி, நமக்குப் பக்கத்திலுள்ள கெடாவிலிருந்து வந்த இந்தியக் குடும்பத்துப் பெண். இவர்களுடைய புதல்வர்தான் அப்துல்லாஹ். பிறந்தது 1796-ல், மலாக்காவின் கம்போங் பாலியில்.

அவருக்கு முன் பிறந்த நான்கு குழந்தைகளும் தவறிவிட்டன. இவரும் நோஞ்சானாகவே பிறந்தார். பெற்ற வயிறு பதறாதா? ஊரார் சொன்ன பரிகாரம் ஒன்றையும் அந்தத் தாய் விடவில்லை. பிள்ளை நிறைந்த வீட்டாருக்கு இக்குழந்தையைச் சில செப்புக் காசுக்கு ‘விற்றார்கள்’. விற்ற பிள்ளையை விதி தேடி வராது என்பது நம்பிக்கை. நம் நாட்டிலும் தவிட்டுக்கு விற்ற பிள்ளைகள் உண்டல்லவா? இப்படிக் காசுக்கு விலைபோன பிள்ளைதான் பின்னாளில் இத்தகைய நம்பிக்கைகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சோதித்துப் பார்த்தது.

குர்ஆன் ஓதி முடித்ததும் தகப்பனார் அவரைத் தமிழ்ப் பள்ளிக்கு அனுப்பினார். அக்காலத்து மலாக்காவில் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் தமிழ் கற்பது பரம்பரை வழக்கம். துறைமுகம் முழுதும் தமிழ் வியாபாரிகள். கணக்கும் பேச்சும் தமிழிலேயே நடந்தன. அப்துல்லாஹ் இரண்டரை ஆண்டு தமிழ் படித்தார். பிறகு கோட்டையிலிருந்த இந்தியச் சிப்பாய்களுக்குக் குர்ஆன் ஓதிக் கொடுத்து, அவர்களிடம் ஹிந்துஸ்தானி கற்றுக்கொண்டார். மீசை முளைக்காத அப்பையனுக்கு ‘முன்ஷி’ என்று பட்டம் சூட்டியவர்கள் அந்தச் சிப்பாய்களே.

வியாபாரிகளுக்குப் பிடித்த ஒரு சம்பவமும் உண்டு. தகப்பனார் வெளியே போயிருந்த வேளையில், சீன வியாபாரியிடம் கடனுக்குச் சரக்கு எடுத்த ஒரு நகுதா, பத்திரம் எழுத ஆள் தேடி வந்தார். பையன் தானே எழுதிக் கொடுத்துக் கூலியும் பெற்றான். தகப்பனாருக்கு மனத்துக்குள் பூரிப்பு. முகத்தில் மட்டும் காட்டவில்லை. அக்காலத்து வாப்பாமார்கள் அப்படித்தான்.

1807-ல் மலாக்காக் கோட்டையை இடித்துத் தள்ள உத்தரவாயிற்று. கோட்டை நின்றால் நம் பினாங்குத் துறைமுகத்துக்குப் போட்டியாகும் என்பது இங்கிருந்த ஆங்கில அதிகாரிகளின் கணக்கு. மலாக்கா ஜனங்களையே பெயர்த்து இங்கே குடியேற்றவும் நினைத்தார்கள், அது நடக்கவில்லை. கோட்டைச் சுவருக்குள் ஜின்னும் பிசாசும் குடியிருப்பதாக ஊர் முழுக்கப் பேச்சு. இடிக்கப் போனவர்களில் சிலர் விழுந்தார்கள், சிலர் நோயில் படுத்தார்கள். பேய் அடித்தது என்றார்கள். கூலியை எவ்வளவு உயர்த்தியும் ஆள் கிடைப்பது அரிதாயிற்று. கடைசியில் பர்குஹார் துரை மருந்து வைத்து வெடித்தார். வீடு வீடாய்ப் பாறைகள் ஆகாயத்தில் பறந்தன. பதினொரு வயதுச் சிறுவன் அதைப் பார்த்துக்கொண்டு நின்றான். வெடித்த இடத்திலிருந்து பிசாசு எதுவும் ஓடி வரவில்லை.

ஆயினும் அன்றே அவர் மனம் மாறிவிட்டதென்று எண்ண வேண்டாம். பழைய நம்பிக்கை அவ்வளவு லேசில் போகாது. 1810-ல் ராபிள்ஸ் துரை மலாக்காவுக்கு வந்து மலாய் ஏடுகளைத் திரட்டியபோது, படி எடுக்கும் எழுத்தராக அமர்ந்தார். பிறகு 1815-ல் வந்த மில்ன் பாதிரியாரிடம் இங்கிலீஷ் கற்கச் சென்றார். வீட்டில் எதிர்ப்பு, வெளியே ஏச்சு. இங்கிலீஷ் எழுத்தைத் தொட்டால் ஈமான் போய்விடும் என்று அஞ்சிய காலம் அது. அந்த அச்சத்தில் நியாயமே இல்லை என்றும் சொல்ல முடியாது. சொல்லிக் கொடுத்தவர்கள் மதம் பரப்ப வந்தவர்களே.

அந்த மில்னிடம் ஒரு நாள் இந்நாட்டுப் பேய்களைப் பற்றி விவரிக்க நேர்ந்தது. பிரசவ வீட்டைச் சுற்றும் பேய், தலையும் குடலுமாகப் பறக்கும் பேய் என்று எல்லாவற்றையும் சொல்லிப் படமும் எழுதிக் காட்டினார். மில்ன் சிரித்தார். தம் நாட்டாரும் முற்காலத்தில் இப்படித்தான் நம்பிக் கிடந்தார்கள் என்றும் சொன்னார். சிரிப்பைவிட அந்த இரண்டாவது பேச்சே அப்துல்லாஹ்வைத் தொட்டிருக்கும் என்பது என் எண்ணம். ஒரு ஜாதியார் விட்டதை மற்றொரு ஜாதியாரும் விடலாமல்லவா?

பாதிரிமார்களுக்கு அச்சு வேலையிலும் வேத மொழிபெயர்ப்பிலும் உதவியதால் சொந்த ஜனங்கள் அவரை ‘அப்துல்லாஹ் பாதிரி’ என்று கேலி செய்தார்கள். நம் கடைத்தெருவில் ஒருவருக்கு இப்படிப் பெயர் விழுந்தால் அவர் என்ன பாடுபடுவார் என்று எண்ணிப் பாருங்கள். அவர் வேலையையும் விடவில்லை, தீனையும் விடவில்லை. மலாய் நடை விஷயத்தில் தாம்சன் பாதிரியார் பிடித்த பிடியை விடாதபோது, அது பிழை என்று வாதாடினார்.

பிற்பாடு சிங்கப்பூருக்குக் குடியேறினார். 1838-ல் கிளந்தானில் உள்நாட்டுச் சண்டை மூண்டு, சிங்கப்பூர் வியாபாரிகளின் படகும் சரக்கும் அங்கே மாட்டிக்கொண்டன. கடிதங்களோடு போனவர்களில் அப்துல்லாஹ்வும் ஒருவர். திரும்பி வந்து எழுதிய பயண நூலில், வழியில் கண்ட ராஜாக்களின் அநியாயத்தை ஒளிக்காமல் எழுதினார். பெண்கள் சந்தையில் உழைக்க, ஆண்கள் கிரிஸ் செருகிக்கொண்டு வீணே திரிவதையும் எழுதினார். ராஜாவைக் குறை சொல்லக் கூடாது என்பதுவும் ஒரு பழைய பழக்கந்தானே!

நெருப்பால் ஓடும் கப்பல் உண்டென்று அவர் சொன்னபோது நண்பர்கள் நம்பவில்லை. வெள்ளைக்காரனை மெச்சுகிறான் என்றார்கள். 1841-ல் ‘செஸோஸ்டிரிஸ்’ என்ற புகைக்கப்பல் சிங்கப்பூருக்கு வந்தது. அப்துல்லாஹ் ஏறி, யந்திரத்தைச் சுற்றிப் பார்த்து, அதைப் பற்றி ஒரு சிறு நூலே எழுதிவிட்டார்.

ஆங்கிலேயரை அளவுக்கு மீறிப் புகழ்ந்தார் என்று பின்வந்த மலாய் அறிஞர்கள் சிலர் அவரைக் கண்டிக்கிறார்கள். அது முற்றும் பொய்யன்று. புதியதைக் கண்ட பிரமிப்பில் அதன் மறுபக்கத்தை அவர் போதிய அளவு பார்க்கவில்லை. என்றாலும் அவர் எல்லாவற்றையும் உதறியவர் அல்லர். தாய்மொழியைப் படிப்பானேன் என்று கேட்ட தம் ஊராரிடம், மலாயை முறையாகக் கற்க வேண்டும் என்று ஆயுள் முழுதும் மன்றாடினார். நார்த் என்ற அமெரிக்கப் பாதிரியார் தூண்டியதன் பேரில் 1843-ல் தம் சரித்திரத்தை எழுதி முடித்தார். ‘ஹிகாயத் அப்துல்லாஹ்’ என்ற அந்நூல் 1849-ல் சிங்கப்பூரில் அச்சாயிற்று. செப்புக் காசுக்கு விலைபோன கதையையும் அதில் அவர் மறைக்கவில்லை.

1854-ல் ஹஜ்ஜுக்குக் கப்பலேறினார். பாதிரி என்று பெயர் வைத்தவர்களில் எத்தனை பேர் துறைமுகம் வந்து வழியனுப்பினார்களோ! வழியில் கண்டதையெல்லாம் அப்போதும் எழுதிக்கொண்டே போனார். அவ்வாண்டிலேயே ஹிஜாஸ் மண்ணில் வபாத்தானார். 1840-ல் பிறந்த அவருடைய மகன் இப்ராஹீம், பின்னாளில் ஜொகூர் அரசாங்கத்தில் உத்தியோகம் பார்த்து, தகப்பனாரைப் போலவே பயண நூல் எழுதினார்.