நிஜின்ஸ்கி: மேடையை இழந்த ஆடற்கலைஞர்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பாவை வியப்பில் ஆழ்த்திய ரஷ்ய ஆடற்கலைஞர் வஸ்லாவ் நிஜின்ஸ்கி மேடையில் நின்றது ஏறத்தாழப் பத்தாண்டுகள் மாத்திரமே. அதன் பின்னர் முப்பத்தொரு ஆண்டுகள் உயிரோடிருந்தும் அவரால் தமது தொழிலுக்குத் திரும்ப இயலவில்லை. முப்பதை எட்டும் வயதில் சிசோபிரீனியா எனப்படும் மனச்சிதைவு நோய் அவரைப் பற்றிக் கொண்டது. பாலே நடனம் நம்மவர்க்கு அந்நியமானதாக இருக்கலாம். ஆனால் உழைக்கும் வயதில் ஒரு மகன் திடீரென வேலையை விட்டு மூலையில் அமர்ந்துவிடும் துயரம் எந்த ஊருக்கும் அந்நியமானதல்ல.

நிஜின்ஸ்கி இன்றைய உக்ரேனின் தலைநகரான கீவில் பிறந்தார். பிறந்த ஆண்டு 1889 என்றும் 1890 என்றும் இருவிதமாகச் சொல்லப்படுகின்றது. பெற்றோர் இருவரும் ஊர் ஊராகச் சென்று ஆடிய போலந்து நாட்டுக் கலைஞர்கள். மூத்த சகோதரன் ஸ்தானிஸ்லாவ் சிறு குழந்தையாக இருந்தபோது ஜன்னலிலிருந்து விழுந்து மூளை பாதிப்புற்று, பிற்காலத்தில் மனநோய் விடுதியொன்றிலேயே வாழ நேர்ந்தது. தந்தையோ வேறொரு பெண்ணை நாடிக் குடும்பத்தைக் கைவிட்டார். மூன்று பிள்ளைகளோடு தனித்து நின்ற தாய் எலியனோராவுக்குச் சென் பீற்றர்ஸ்பேர்க் நகரின் அரச நடனப் பள்ளியே புகலிடமாகத் தோன்றியது. அங்கு இடம் கிடைத்தால் மகனின் உணவும் உடையும் அரசின் பொறுப்பாகிவிடும். 1900ஆம் ஆண்டில் சிறுவன் அங்கு சேர்க்கப்பட்டான்.

ஆட்டத்தில் அவனுக்கு நிகரில்லை. ஏனைய பாடங்களிலோ பின்தங்கியே இருந்தான். பேச்சு குறைவு. முகத்தோற்றத்தை வைத்து ஜப்பான்காரன் எனச் சகமாணவர்கள் கேலி செய்தனர். 1901இல் அவர்கள் விடுத்த சவாலை ஏற்றுக் கனத்த இசைத்தாங்கி ஒன்றைத் தாண்டிக் குதித்தபோது அடிபட்டு மயங்கி விழுந்தான். வைத்தியசாலையில் பல நாட்கள் கிடந்தே மீண்டான். திறமை பொறாமையைத் தந்ததேயன்றி நண்பனைத் தரவில்லை எனலாம்.

1907இல் பள்ளியை விட்டு வெளியேறியதும் தாயையும் தங்கை புரோனிஸ்லாவாவையும் தாங்கும் பொறுப்பு அவர் தோளில் விழுந்தது. 1909இல் செர்கே தியாகிலெவ்வின் குழுவோடு பாரிஸ் சென்றார். ஒரே இரவில் புகழ் என்பார்களே, அதுதான் நிகழ்ந்தது. 1913 மே 29ஆம் திகதி அவர் அமைத்த வசந்தத்தின் சடங்கு என்னும் ஆட்டம் அரங்கில் பெரும் கூச்சலையும் குழப்பத்தையும் கிளப்பியது. இன்றோ அது கலை வரலாற்றின் திருப்புமுனையாகக் கருதப்படுகின்றது. ஆனால் தங்குமிடம், உடை, பணம் யாவும் தியாகிலெவ்வின் கையிலேயே இருந்தன. அதே ஆண்டு செப்டெம்பரில் புவனஸ் அயர்ஸ் நகரில் ஹங்கேரியப் பெண்ணான ரொமோலாவை அவர் மணமுடித்ததும் தியாகிலெவ் அவரைக் குழுவிலிருந்து நீக்கினார். உலகமே கொண்டாடிய கலைஞருக்குத் தனித்து ஒரு குழுவை நடத்தும் பயிற்சியை எவரும் அளித்திருக்கவில்லை. 1914இல் இலண்டனில் அவர் தொடங்கிய முயற்சி சில வாரங்களிலேயே முறிந்தது. போர் வந்தது; எதிரி நாட்டவர் என்று புடாபெஸ்டில் தடுத்து வைக்கப்பட்டார்.

1919 ஜனவரி 19ஆம் திகதி சுவிட்சர்லாந்தின் சென் மொரிட்ஸ் நகர விடுதியொன்றில் அழைக்கப்பட்டிருந்த விருந்தினர் முன் அவர் தோன்றினார். கதிரையொன்றில் அமர்ந்து நெடுநேரம் அவர்களையே உற்று நோக்கினார். பின்பு போரின் கொடுமையை ஆடினார். அதுவே இறுதி ஆட்டம். சில வாரங்களின் பின் சூரிச்சில் அவரைப் பரிசோதித்தவர் ஓய்கன் புளொய்லர். சிசோபிரீனியா என்னும் சொல்லையே 1908இல் அறிமுகப்படுத்திய மருத்துவர். பிற்காலத்து மருத்துவர்கள் சிலர் அந்த நிர்ணயத்தை மறுபரிசீலனை செய்துள்ளனர். எவ்வாறாயினும் மருந்துகள் கண்டறியப்படாத காலம் அது. இன்சுலின் அதிர்ச்சி முறை வரை அவர் உடல் தாங்கிற்று. முதலாவது மனநோய் மருந்தான குளோர்புரோமசின் பாவனைக்கு வந்தது 1952இல், அவர் மறைந்து இரண்டாண்டுகள் கழித்து.

தந்தையின் பிரிவும் பள்ளியின் தனிமையுமே அவரை நோயாளியாக்கின என்று சொல்லிவிடலாகாது. அதே வீட்டில், அதே வறுமையில் வளர்ந்து, அதே பள்ளியில் பயின்ற தங்கை புரோனிஸ்லாவா நோயின்றி வாழ்ந்து சிறந்த நடன அமைப்பாளராகத் திகழ்ந்தார். பரம்பரைக் கூறு, கருவிலிருக்கும்போதான போஷாக்கின்மை, பிரசவகாலச் சிக்கல்கள் எனப் பல இந்நோயோடு தொடர்புறுகின்றன. 1944-45 குளிர்காலத்தில் ஒல்லாந்தில் நிலவிய கடும்பஞ்சத்தின்போது கருவுற்ற குழந்தைகளிடம் இந்நோய் ஏறத்தாழ இருமடங்காகக் காணப்பட்டது. எனினும் நோய் வருவது வேறு, நோய் வந்த பின் தொழிலுக்குத் திரும்ப இயலாமற் போவது வேறு. இளவயதிலேயே நோய் தொடங்கியவர்களும், அதற்கு முன்னரே படிப்பிலும் பழகுவதிலும் பின்தங்கியிருந்தவர்களும் பின்னாளில் வேலையில் நிலைக்க அதிகம் சிரமப்படுகின்றனர் என்று ஆய்வுகள் காட்டுகின்றன.

திருகோணமலைக்கு வடக்கே நிலாவெளியைக் கடந்ததும் வரும் இறக்கக்கண்டி போன்ற கரையோரக் கிராமங்களுக்கு இது ஏட்டுச் செய்தி அல்ல. யுத்தமும் 2004 டிசம்பர் 26இன் கடற்கோளும் இக்கரையில் தமிழர், முஸ்லிம் என்று பார்த்துத் தாக்கவில்லை. அன்று கைக்குழந்தைகளாக இருந்தோர் இன்று இருபதைக் கடந்தவர்கள். இந்நோய் பெரும்பாலும் தலைகாட்டும் வயது அதுவே. பாடசாலையை இடைநடுவில் விட்டவனோ, எவரோடும் சேராமல் ஒதுங்கியவனோ நோயுற்றால் முதலில் பேய் என்பார்கள், ஜின் என்பார்கள், சூனியம் என்பார்கள். கோவிலிலும் பள்ளிவாசலிலும் பிரார்த்திப்பதில் பிழையில்லை. வைத்தியசாலைக்குச் செல்லும் நாள் அதனால் தள்ளிப்போவதே பிழை.

நம்மிடம் ஒரு பலமும் உண்டு. இலங்கையில் மனச்சிதைவு நோயாளரை ஐந்தாண்டுகள் தொடர்ந்து கவனித்த நான்சி வாக்ஸ்லர், அவர்களிற் பலர் மேற்கு நாட்டு நோயாளரைவிட நன்கு தேறியதை 1979இல் எழுதினார். நோயுற்றவரைக் குடும்பம் ஒதுக்காது வீட்டுவேலையிலும் வயல்வேலையிலும் மீண்டும் சேர்த்துக்கொண்டதை அவர் முக்கியமாகக் கருதினார். கரைவலைக் கயிற்றில் இன்னொரு கைக்கு எப்போதும் இடமுண்டு. மெதுவாக இழுப்பவனுக்கும் ஒரு பங்கு கொடுக்கலாம். நிஜின்ஸ்கியின் தொழிலோ உச்சத்தில் ஆடு, இல்லையேல் இறங்கு என்ற தொழில். அரை ஆட்டத்திற்கு அங்கே கூலி கிடையாது.

1945இல் ரொமோலாவோடு தங்கியிருந்த அவர், முகாமிட்டிருந்த ரஷ்யப் படைவீரர்களைக் கண்டார். அவர்கள் தமது நாட்டுப்புறப் பாடல்களை இசைத்துக் கொண்டிருந்தனர். பல்லாண்டுகள் அரிதாகவே வாய் திறந்தவர் எழுந்து ஆடினார். தாம் படித்த பள்ளியின் மொழியில் அவர்களோடு பேசவும் செய்தார். 1950 ஏப்ரல் 8ஆம் திகதி இலண்டனில் காலமானார். மூன்றாண்டுகளின் பின் அவரது உடல் பாரிஸின் மொன்மார்த்ர் மயானத்திற்கு மாற்றப்பட்டது.