கலப்புயிர் விதி கண்ட ஹால்டேன்

காஞ்சிபுரம் வரதராசப் பெருமாள் கோயிலின் நூற்றுக்கால் மண்டபத் தூண்களில் யாளி உருவங்களைக் காணலாம். யாளி, சிங்கமும் யானையும் கலந்தது எனச் சொல்லப்படும் கற்பனை விலங்கு. இயற்கையில் அவ்விரண்டும் கூடி இனம் பெருக்குவதில்லை. ஆயினும், நெருங்கிய உறவுடைய விலங்கினங்கள் காட்டில் கலப்பதுண்டு. தென்னிந்திய மலைக்காடுகளில் கருமந்தியும் சாம்பல்நிற மந்தியும் கலந்து ஈன்ற குட்டிகளை ஆய்வாளர் கண்டுள்ளனர். அங்ஙனமாயின், உறவுடைய இனங்கள் ஒன்றாகிவிடாமல் தனித்து நிற்பது எவ்வாறு? இவ்வினாவிற்கு விடை காணத் துணைபுரிந்த பேரறிஞர் ஹால்டேன்.

இவர் 1892ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 5ஆம் நாள் இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு நகரில் பிறந்தார். தந்தையார் ஜான் ஸ்காட் ஹால்டேன், மூச்சின் இயல்பை ஆராய்ந்தவர். மைந்தரும் இளமையிலேயே அவ்வாய்வுகளில் துணை நின்றார். கல்லூரியில் இவர் கற்றவை கணிதமும் பழைய கிரேக்க, இலத்தீன் இலக்கியங்களுமே. அறிவியலில் பட்டம் பெற்றாரல்லர்.

1922இல் இவர் ஒரு விதியை வெளியிட்டார். இரண்டு விலங்கினங்கள் கலந்து ஈன்ற குட்டிகளுள் ஒரு பால் மட்டும் பிறவாதொழியலாம், அருகிப் பிறக்கலாம், மலடாகலாம். அவ்வாறு நேரின், நலிவுறும் பால், ஒன்றுக்கொன்று வேறான இரு பால் குரோமோசோம்களை உடையதாகவே பெரும்பாலும் இருக்கும் என்பதே அவ்விதி. பாலூட்டிகளில் ஆணும் பறவைகளில் பெண்ணும் அத்தகையன. காஞ்சி நெசவாளர் நெய்யும் பட்டிழையைத் தரும் பூச்சியிலும் பெண்ணே அத்தகையது. கலப்புயிர்களில் ஒரு பால் இவ்வாறு நலிவதால் இனங்களுக்கிடையே வேலி எழுகின்றது என்பதைப் பின்வந்த அறிஞர் தெளிந்தனர்.

1939இல் தெட்டிஸ் என்னும் நீர்மூழ்கிக் கப்பல் மூழ்கித் தொண்ணூற்றொன்பதுபேர் மாண்டனர். அத்தகைய விபத்தில் உயிர் காக்கும் வழி காண, ஹால்டேன் அழுத்த அறையுள் தாமே புகுந்து ஆய்ந்தார். அவ்வாய்வுகளில் அவர் முதுகெலும்பும் ஊறுபட்டது.

1957இல் துணைவியார் ஹெலன் ஸ்பர்வேயுடன் இந்தியா வந்து, கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் பணியேற்றார். இந்திய உடை உடுத்தார், புலால் மறுத்தார், 1961இல் இந்தியக் குடிமகனானார். பின்னர்ப் புவனேசுவரத்தில் ஆய்வு நடத்திவந்த அவர், 1964 டிசம்பர் 1ஆம் நாள் புற்றுநோயால் மறைந்தார். அவர் விரும்பியவாறே அவருடல் காக்கிநாடா மருத்துவக் கல்லூரிக்கு அளிக்கப்பெற்றது.

வாழுங்கால் ஆய்வுக்கும், மறைந்தபின் கல்விக்கும் தம் உடலையே ஈந்த அப்பெரியாரின் புகழ் நிலைபெற்று விளங்குகின்றது.